செம்பா, காசா?

திருநெல்வேலிச் சீமையில் பணத்துக்குத் 'துட்டு' என்று பெயர். லட்சாதிபதியின் பெட்டியில் இருப்பதும் துட்டு. குழந்தை மிட்டாய்க்குக் கேட்டு அழுவதும் துட்டு. தூத்துக்குடியில் வெகுகாலம் கொடி கட்டி வாணிபம் செய்த டச்சுக்காரருடைய 'டொய்ட்' என்னும் சிறு செப்புக்காசுதான் நம்மவர் நாவில் துட்டு ஆயிற்றென்று சொல்லாராய்ச்சிக்காரர்கள் கூறுவர். டச்சுக்காரர் 1825-இல் தூத்துக்குடியை இங்கிலீஷ்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். காசின் பெயர் மட்டும் போக மறுத்து, மணப்பாட்டிலும் குலசேகரன்பட்டினத்திலும் இன்றுவரை குடியிருந்து வருகிறது.

பெயர் குடியிருப்பது போலவே காசும் குடியிருக்கிறது. நமது ஊரில் பழைய வீடுகளின் அரங்குகளில், நெற்குலுக்கைக்குப் பின்னால், வாய் கட்டிய செம்பு ஒன்று இருப்பது அபூர்வமன்று. அவிழ்த்துக் கொட்டினால் களிம்பேறிய காலணாக்கள். ஒரு பக்கம் விக்டோரியா மகாராணி. இன்னொரு பக்கம் ஏழாம் எட்வர்டு. ஐந்தாம், ஆறாம் ஜார்ஜுகள். நாம் பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருப்பதால், சரித்திரம் தெரிந்தவன் என்ற மரியாதையில் அவற்றை நம்மிடம் கொண்டு வந்து காட்டுகிறார்கள். ஆனால் கேட்கிற கேள்வி சரித்திரக் கேள்வியன்று. "செம்பு இப்போது ஏறிக்கொண்டே போகிறதாமே, இதை எடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும்?" என்பதே கேள்வி.

கேள்வியில் தவறு ஒன்றும் இல்லை. இந்தச் செம்புகளை அரங்கில் வைத்தவர்களும் அதே கேள்வியைக் கேட்டுத்தான் வைத்தார்கள். நமது மாணவன் ஒருவனுடைய பாட்டி, தம் தாயார் யுத்த காலத்தில் சேர்த்த செம்பைக் காட்டி நம்மிடம் சொன்னது இது: "எங்க அம்ம காசச் சேக்கல வாத்தியாரையா, செம்பச் சேத்தா. காசு அன்னைக்கே செல்லாமப் போனாலும் போயிரும், செம்பு எங்க போவும்?" பொருளாதாரப் புஸ்தகங்கள் அத்தியாயம் அத்தியாயமாக விளக்குவதை அந்த அம்மாள் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

அவர் சொன்னதின் நியாயத்தை அறிய ஒரு தராசு போதும். நமது பள்ளி ஆய்வுக்கூடத்துத் தராசில் மூன்று காசுகளைப் பையன்களை விட்டே நிறுக்கச் சொன்னோம். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1835-இல் வகுத்த திட்டப்படி காலணா என்பது 100 கிரெயின், அதாவது சுமார் 6½ கிராம், செம்பு. விக்டோரியா காலம் முழுவதும் அதே எடை. 1906-இல் செம்பை விட்டு வெண்கலத்துக்கு மாறினார்கள். எடையும் 75 கிரெயினாயிற்று. 1943-இல் வந்தது நம் பெரியோர்கள் நன்கறிந்த ஓட்டைக் காலணா. நடுவில் பெரிய துவாரம். எடை இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. தேய்மானத்தினால் நமது தராசில் இம்மூன்றும் கொஞ்சம் குறைத்தே காட்டின. ஆயினும் விஷயம் பையன்களுக்கு விளங்கிவிட்டது. நூற்றெட்டு வருஷத்தில் காலணா தன் உடம்பில் ஏறக்குறைய முக்கால் பங்கை இழந்துவிட்டது. அதன் மதிப்போ மாறவில்லை.

இப்போது ரூபாய்க் கணக்கில் பாருங்கள். ஒரு ரூபாய்க்கு 64 காலணா. பழைய விக்டோரியாக் காசில் ஒரு ரூபாய் என்றால் 414 கிராம் செம்பு. ஓட்டைக் காசில் அதே ரூபாய் 125 கிராம். ஆகவே ஒருவன் ஓட்டைக் காசாக ஒரு ரூபாய் கொடுத்துப் பழைய காசாக ஒரு ரூபாய் வாங்கி விட்டால், ஒரு பைசா செலவில்லாமல் கால் கிலோவுக்கு மேல் செம்பு அவனுக்கு மிச்சம். யுத்த காலத்தில் செம்பும் பித்தளையும் கிராக்கியாக இருந்தன. பித்தளைக் குடம் வாங்கப் போனவர்கள் விலையைக் கேட்டுத் திரும்பிய காலம் அது. அப்படியிருக்கையில் கையில் வந்த கனத்த காசை யார்தான் உப்புக்கும் புளிக்கும் கொடுப்பார்கள்? மெல்லிய காசைக் கடையில் கொடுப்பதும், கனத்த காசை அரங்கில் போடுவதும் மனுஷ சுபாவம். பதினாறாம் நூற்றாண்டில் இருந்த ஸர் தாமஸ் கிரெஷாம் என்ற இங்கிலீஷ் வணிகரின் பெயரால் இதை ஒரு 'விதி' என்று கல்லூரியில் நமக்குக் கற்பித்தார்கள். குலசேகரன்பட்டினத்துப் பாட்டிமாருக்கு அந்த விதி யாரும் கற்பிக்காமலே தெரிந்திருந்தது.

இது செம்புக்கு மட்டும் வந்த வியாதியன்று. முதல் மகா யுத்தத்தின்போது வெள்ளி விலை ஏறி, ரூபாயில் இருந்த வெள்ளி ரூபாயைவிட விலை பெற்றதாகிவிட்டது. ஜனங்கள் ரூபாயைப் புதைத்தார்கள். சர்க்கார் 1917 நவம்பரில் முதல் தடவையாக ஒரு ரூபாய் நோட்டை வெளியிட்டது. அதுவும் போதாமல், 1918-இல் அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களை உருக்கி, சுமார் 20 கோடி அவுன்ஸ் வெள்ளியை இந்தியாவின் நாணயத் தேவைக்காக விற்க நேர்ந்தது. அந்த அனுபவம் இருந்ததால் இரண்டாவது யுத்தத்தில் சர்க்கார் முந்திக்கொண்டது. 1940 ஜூனில், சொந்தத் தேவைக்கும் வியாபாரத் தேவைக்கும் மேற்பட்டு நாணயம் சேர்ப்பது இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி குற்றம் என்று அறிவித்தார்கள். அடுத்த மாதமே ஒரு ரூபாய் நோட்டு வந்தது. அவ்வருஷமே ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள்.

இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக நமக்கு மனமில்லை. காசைப் பதுக்குகிறவன் தேசத் துரோகி என்று அன்றைய சர்க்கார் முழங்கியது. ஆனால் காசு பதுங்குவதற்குக் காரணமானவர் யார்? 1939-இல் நாட்டில் புழங்கிய நோட்டு 200 கோடி ரூபாய்க்குக் குறைவு. 1945-இல் அது 1,000 கோடியைத் தாண்டிவிட்டது. நம்மைக் கேளாமல் நம்மை இழுத்துவிட்ட யுத்தத்துக்கு, பிரிட்டிஷ் சர்க்காரின் கணக்கில் நெல்லும் துணியும் இரும்பும் வாங்க, இந்தக் காகிதம் அச்சாயிற்று. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. பர்மாவிலிருந்து ஜனங்கள் கால்நடையாக ஓடி வந்தார்கள். சர்க்கார் நிலைக்குமா என்ற சந்தேகம் வந்தபின், அச்சர்க்காரின் காகிதத்தை மட்டும் யார் நம்புவார்கள்? காசின் எடையைக் கையொப்பமிட்டுக் குறைத்தவர்களுக்குத் தண்டனை இல்லை. குறையாத காசை எடுத்து வைத்தவளுக்குத் தண்டனை என்றால், அந்த நியாயம் நமக்கு விளங்கவில்லை.

ஆனாலும், பதுக்கியவர் மேல் பிழையே இல்லை என்று சொல்லவும் நாம் தயாராக இல்லை. ஏனெனில் அந்தச் செம்பின் பாரம் சர்க்காரின் தலையில் விழவில்லை. அது விழுந்த தலை வேறு.

1942-ஆம் வருஷத்துக் குலசேகரன்பட்டினத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். உப்பளம், பனை, கடல் என்ற மூன்றுமே ஊரின் ஜீவனம். அவ்வருஷம் செப்டம்பர் மாத இறுதியில்தான் இவ்வூர் உப்பளத்தில் லோன் என்ற வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் கொல்லப்பட்டதும், அதன் பேரில் நடந்த வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரு வாலிபர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டதும், பின்னர் அது மாற்றப்பட்டு அவர்கள் விடுதலை அடைந்ததும் தேசம் அறிந்த கதை. போலீஸ் கெடுபிடியில் ஊர் நடுங்கிக் கிடந்த அதே வருஷத்தோடு, சத்தமில்லாமல் இன்னொன்றும் நின்றது. தம்பிடி அச்சிடுவது 1942-உடன் நின்றுபோயிற்று. அரைக் காலணாவும் அவ்வாறே.

தம்பிடி என்றால் அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு. காலணாவுக்கு மூன்று தம்பிடி. இக்காலத்துப் பிள்ளைகளுக்கு இது வாய்ப்பாட்டுத் தொல்லை. ஆனால் அன்றன்று கூலி வாங்கி அன்றன்று அரிசி வாங்குகிறவர்களுக்கு அது பெரிய உபகாரம். உப்பு, மிளகாய், வெற்றிலை, ஒரு கரண்டி எண்ணெய் ஆகியவற்றை அவர்கள் தம்பிடிக் கணக்கில் வாங்கினார்கள். மாதத்துக்கு ஒருமுறை மூட்டையாக வாங்குகிற வீட்டுக்குத் தம்பிடி இருந்தால் என்ன, போனால் என்ன? ஒரு தம்பிடிச் சாமான் வேண்டியவன் காலணா கொடுத்தாக வேண்டும் என்றால், அவனுக்கு விலை ஒரே நாளில் மூன்று மடங்கு. அல்லது வேண்டாத சாமானையும் சேர்த்து வாங்க வேண்டும்; இல்லையேல் மீதியைக் கடைக்காரர் கணக்கில் விட்டு வர வேண்டும். கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் லாபம். பஞ்சாங்கத்தில் வராத, பத்திரிகையிலும் பெரிதாக வராத விலையேற்றம் இது.

கையில் காசு மிஞ்சியவன்தானே காசைப் பதுக்க முடியும்? பாட்டியின் தாயார் சேர்த்த ஒரு செம்பை நாம் குறை கூறவில்லை. பெண்ணின் கலியாணப் பாத்திரத்துக்கு அவள் கண்ட வழி அது. மூட்டை மூட்டையாகச் சில்லறை வாங்கி உருக்குமிடத்துக்கு அனுப்பினவர்களின் சமாசாரம் வேறு. ஆனால் ஒரு செம்பானாலும் ஒரு மூட்டையானாலும், அதற்குள் போன ஒவ்வொரு காசும் யாரோ ஒரு உப்பளக் கூலிக்காரியின் பேரத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதை மறைப்பதற்கில்லை.

பிச்சையும் அப்படியே. நமது முத்தாரம்மன் கோவில் தசராவைக் கண்டவர்களுக்குத் தெரியும். காளியாகவும், குறவனாகவும், குரங்காகவும் வேஷம் புனைந்த பக்தர்கள் வீடு வீடாக, கடை கடையாகக் காணிக்கை பெற்று அம்மன் உண்டியலில் சேர்க்கிறார்கள். வருகிற அத்தனை பேருக்கும் இல்லை என்னாமல் போட வேண்டுமானால் மிகச் சிறிய காசு கைநிறைய வேண்டும். சிறிய காசு இல்லாத ஊரில் முதலில் சுருங்குவது தருமம்தான். பெரிய காசை எடுக்க மனம் வராது. "போய் வா" என்று சொல்ல வாய் வந்துவிடும்.

அக்காலத்தில் ஒவ்வொரு சீமையும் ஒவ்வொரு விதமாகச் சமாளித்தது. கத்தியவாரில் மோர்வி, நவாநகர் முதலிய சமஸ்தானங்கள் அட்டைத் துண்டுகளில் முத்திரை குத்திக் காசென்று கொடுத்தன. நமக்குக் கடல் தாண்டி எதிரே உள்ள இலங்கையில் நடந்தது இன்னும் விநோதம். 1942-இல் அங்கே ஐந்து சத நோட்டு ஒன்றை வெளியிட்டார்கள். அதன் நடுவே தபால் தலையில் இருப்பது போல் துளை வரிசை. கிழித்தால் ஒரு துண்டு இரண்டு சதம். மற்றது மூன்று சதம்! கொழும்பில் கடை வைத்திருந்த நம் பக்கத்தார் அந்தத் துண்டுகளைக் கையாண்டிருப்பார்கள். கேலியாகத் தோன்றினாலும் அதைச் செய்தவருக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது: இரண்டு சதத்துக்கு வாங்குகிறவன் ஒருவன் உலகத்தில் இருக்கிறான் என்பது. இந்தியாவில் அவனுக்குக் கிடைத்தது ஓட்டைக் காலணா. அதை அச்சிட லாகூரில் புதிய அக்கசாலையே 1943-இல் திறந்தார்கள். அந்த ஓட்டையையும் நம் ஜனங்கள் வீணாக்கவில்லை. குழந்தைகளின் அரைஞாணில் கோத்துக் கட்டினார்கள்; ஆணிக்கும் மறைக்கும் அடியில் 'வாஷர்' ஆகப் போட்டார்கள். கடையில் விற்கும் வாஷரைவிடக் காலணா மலிவாக இருந்ததென்றால், பதுக்கலுக்கு வேறு விளக்கம் வேண்டுமா?

சுயராஜ்யம் வந்தபின் இந்த வியாதி தீர்ந்தது என்று எழுத ஆசைதான். தீரவில்லை. 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது, முதலில் வெண்கலம். 1960-களின் நடுவில் அது அலுமினியமாயிற்று. தண்ணீரில் மெதுவாக விட்டால் மிதக்கிற அந்தக் காசை யாரும் உருக்க ஆசைப்பட மாட்டார்கள் என்று எண்ணினார்கள் போலும். 1968-இல் தாமரைப் பூப் போட்ட மஞ்சள் இருபது பைசா வந்தது. அதைத் தங்கமென்று நம்பிச் சேர்த்தவர்களும், மோதிரம் செய்துகொண்டவர்களும் உண்டு. 1971-இல் சில்லறை நாணயங்களை உருக்குவதைத் தடுக்கத் தனிச் சட்டமே செய்தார்கள். அப்படியும், 2007-இல் ஒரு ரூபாய்க் காசுகள் எல்லை கடந்து வங்காள தேசத்தில் சவர பிளேடாக மாறுகின்றன என்று பத்திரிகைகள் எழுதின. 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் உருக்குகிறவனுக்கு ஏழு வருஷம் வரை சிறை என்கிறது. அதே வருஷம் ஜூன் 30-உடன் 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் செல்லாதவையாயின. கடைக்காரர் மீதிக்கு மிட்டாய் கொடுக்கும் வழக்கம் ஊரெங்கும் பரவியது. இப்போது தேநீர்க் கடையில்கூடக் கைப்பேசியைக் காட்டினால் ஏழு ரூபாயை ஏழு ரூபாயாகவே கொடுக்க முடிகிறது. அந்த மட்டில் சுகமே. கைப்பேசி இல்லாத கிழவிக்கு மட்டும் மிட்டாய்.

பணக்கார தேசத்திலும் இதே நாடகந்தான். அமெரிக்காவில் ஒரு சென்ட் காசு 1982 வரை நூற்றுக்கு 95 பங்கு செம்பு; பிறகு துத்தநாகத்தின் மேல் செப்புப் பூச்சு. பழைய சென்டில் உள்ள செம்பு ஒரு சென்டைவிட அதிக விலை பெறுமென்று கண்டு, வீட்டு நிலவறைகளில் டின் டின்னாகப் பொறுக்கிச் சேர்க்கிறவர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. 2006 டிசம்பரில் உருக்கக் கூடாதென்று தடை போட்டார்கள். 2025 நவம்பர் 12-ஆம் தேதி பிலடெல்பியா அக்கசாலையில் புழக்கத்துக்கான கடைசி சென்டை அச்சிட்டு முடித்துவிட்டார்கள். ஒரு சென்ட் செய்ய ஏறக்குறைய நான்கு சென்ட் செலவாயிற்றாம்.

இனி நம் ஊர்ச் செம்புக்கு வருவோம். யுத்தம் முடிந்து எண்பது வருஷம் ஆன பின், அந்தக் காசுகளை அரங்கில் வைத்திருப்பதால் எந்த ஏழைக்கும் இன்று நஷ்டமில்லை. அணா செல்லாத நாட்டில் காலணா வெறும் செம்புதான். ஒரு கிலோவுக்கு விக்டோரியாக் காசு நூற்றைம்பதுக்குச் சற்று மேல் நிற்கும். அன்றைய மதிப்பு இரண்டரை ரூபாய்க்கும் குறைவு. இன்றைய செம்பின் விலை அதுபோல் நூற்றுக்கணக்கான மடங்கு. பாட்டியின் தாயார் கணக்கு தப்பவில்லை. நாம் அஞ்சுவது வேறொன்றுக்கு. சென்னையில் பழைய சாமான் கடைக்குக் 'காயலான் கடை' என்று பெயர். நமது அண்டை ஊராகிய காயல்பட்டினத்தார் அத்தொழிலில் பேர் பெற்றதால் வந்தது என்பர். அவ்விதக் கடைத் தராசில் காலணாவோடு காலணாவாக வேறு காசும் ஏறிவிடுகிறது. ஆற்றுப் படுகையிலும், உழுத கொல்லையிலும் அகப்பட்ட, சதுரமாகத் தேய்ந்த செப்புத் துண்டை யாரோ ஒரு பாட்டனார் 'எதற்கும் இருக்கட்டும்' என்று அதே செம்பில் போட்டிருப்பார். ஒரு புறம் யானையும் மறு புறம் மீனும் உள்ள பாண்டியர் காசு அது. 'பெருவழுதி' என்று பழந்தமிழ் எழுத்தில் பெயர் பொறித்த காசை 1980-களில் இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் கண்டு வெளியிடும் வரை, சங்க காலத்துப் பாண்டியன் தன் பெயரிட்டுக் காசு அடித்தான் என்று சொல்ல நம்மிடம் அத்தாட்சி இருந்ததில்லை. அவருக்கு முன்னால் அப்படிப்பட்டவை எத்தனை குத்துவிளக்காகவும் குடமாகவும் மாறினவோ!

ஆகையால் நம்மிடம் வருகிறவர்களுக்கு நாம் சொல்வது இவ்வளவே. செம்பைக் கவிழ்த்து, வட்டக் காசுகளை ஒதுக்குங்கள். சதுரமானவற்றையும், ஆங்கில எழுத்தோ அரசர் தலையோ இல்லாதவற்றையும் புளி போட்டுத் தேய்க்காமல் தனியே எடுங்கள். பாளையங்கோட்டையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே காட்டுங்கள். மண்ணிலிருந்து புதிதாய்க் கிடைத்த புதையலானால், பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ளதைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டுமென்று 1878-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. மற்றவற்றை எடைக்குப் போடுவதும், பேரப் பிள்ளைக்குக் கொடுப்பதும் உங்கள் இஷ்டம்.

போடுகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். நாம் ஒருமுறை உடன் போயிருந்தபோது, எடைக் கடைக்காரர் காசுக் குவியலை விரலால் கிளறி, விக்டோரியாவை ஒரு தட்டிலும் ஜார்ஜுகளை ஒரு தட்டிலுமாக மளமளவென்று பிரித்தார். எட்வர்டு வந்த இடத்தில் மட்டும் நிறுத்தி, வெளிச்சத்தில் பிடித்து வருஷம் பார்த்தார். 1906-க்கு முன் என்றால் செம்பு விலை. பின் என்றால் வெண்கல விலை. நமது சரித்திர வகுப்பில் எந்தப் பையனும் அந்த வருஷத்தை இவ்வளவு அக்கறையோடு நினைவில் வைத்திருந்து நாம் பார்த்ததில்லை.